தன்மையும் படர்க்கையும்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாங்கள் நால்வரும் கூடுவது பல வருடத்துப் பழக்கம். தொடக்கத்தில் நாவல்களுக்காகக் கூடினோம். ஆளுக்கொரு நூலை வாசித்துவிட்டு வந்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து, தேநீர் ஆறிப்போவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்போம். 2020இல் பெருந்தொற்று வந்தபோது அந்தக் கூடுகை நின்றுபோயிற்று. வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மாதங்களில்தான் எங்களில் இளையவர் மற்ற மூவருக்கும் வீடியோ கேம்களை அறிமுகம் செய்துவைத்தார். இலக்கிய வாசகர்களுக்கே உரிய இளக்காரத்தோடுதான் அவற்றைத் தொட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கி, கார், கால்பந்து இவற்றுக்கு அப்பால் அங்கே ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தோம். இன்று எங்கள் கூடுகையில் பாதி நேரம் நூல்களுக்கும் மீதி நேரம் ஆட்டங்களுக்கும் என்றாகிவிட்டது.

ஒரே ஒரு விதி மட்டும் நாவல் காலத்திலிருந்து தொடர்கிறது. முழுதாக முடித்ததைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். முதல் ஐம்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டு ஆசிரியரின் ஆன்மாவுக்கே தீர்ப்பெழுதுகிறவர்களிடம் நாங்கள் பட்ட அவஸ்தையில் பிறந்த விதி அது. இந்த விதி ஒருமுறை மீறப்பட்டதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. அதற்கு முன் மற்ற மூன்று ஆட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கின் முடிவுகளும் கீழே பேசப்படுகின்றன. அவற்றை அறியாமல் ஆட விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் தோழி ஒரு பள்ளியில் தமிழாசிரியை. எங்கள் பேச்சில் ஒரு மாற்றத்தை முதலில் கவனித்தவர் அவரே. "நாவலைப் பற்றிப் பேசும்போது நாம் படர்க்கையில் பேசுகிறோம். ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது தன்மைக்கு மாறிவிடுகிறோம். கவனித்தீர்களா?" என்றார். உண்மைதான். 'குற்றமும் தண்டனையும்' நாவலை விவாதித்த மாலையில், ரஸ்கால்னிகவ் அந்தக் கிழவியைக் கொன்றான் என்றே நால்வரும் சொன்னோம். கோடரியின் கனம் தங்கள் கையில் இருந்தது போலவே உணர்ந்ததாகச் சிலர் சொன்னதுண்டு. ஆனால் யாரும் 'கொன்றேன்' என்று சொன்னதில்லை. ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போதோ, 'திருப்பி அனுப்பினேன்', 'கொன்றேன்', 'சமைத்தேன்' என்று சொற்கள் தாமாக வந்து விழுகின்றன. தமிழில் வினைமுற்றின் விகுதி செய்தவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதிலிருந்து ஒளிய இடமில்லை.

அன்றைய மாலையில் முதலில் பேசியவர் எங்களில் மூத்தவர். அவர் முடித்திருந்தது 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. லூகாஸ் போப் என்பவர் உருவாக்கி 2013இல் வெளிவந்த ஆட்டம். ஆர்ஸ்டாட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சோதிக்கும் ஊழியர்தான் இதில் நாம். காலம் 1982 நவம்பர் 23இல் தொடங்குகிறது. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். தாள்களை மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, புகைப்படம், முத்திரை எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தவேண்டும். சரியாகச் சோதித்து முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 5 பணம் கூலி. மாலையில் அந்தக் கூலியிலிருந்து வாடகை, உணவு, குளிருக்குக் கணப்பு, நோயுற்றவருக்கு மருந்து எல்லாம் பார்க்க வேண்டும். தவறு செய்தால் அச்சுப்பொறியிலிருந்து ஒரு சீட்டு வந்து விழும். எங்கள் மூத்தவரின் மொழியில் சொன்னால் மெமோ. ஒரு நாளில் முதலிரண்டு மெமோக்களுக்குத் தண்டனை இல்லை. மூன்றாவதிலிருந்து பணம் பிடிப்பார்கள்.

சில நாள்கள் கழித்து ஒருவன் வருகிறான். தாள்கள் எல்லாம் சரி. உள்ளே அனுப்பியதும், அடுத்து வருபவள் தன் மனைவி, தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதித் தாள் இல்லை.

"யோசிக்கவே இல்லை. கை தானாகச் சிவப்பு முத்திரைக்குப் போய்விட்டது" என்றார் மூத்தவர்.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அரசு அலுவலகத்தில் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். அதை நாங்கள் அறிவோம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதை அறியோம். உதவித்தொகைக்காகக் கிராமத்திலிருந்து வந்த ஒரு கிழவியை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு சான்றிதழில் கணவர் பெயரின் முதலெழுத்து வேறாக இருந்திருக்கிறது. விதிப்படி அவர் செய்தது சரி. அப்படியே அனுப்பியிருந்தால் ஆடிட்டில் கேள்வி வந்திருக்கும். நான்காம் முறை கிழவி வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"இந்த ஆட்டம் எனக்குப் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததைச் சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தது."

அவர் இரண்டாம் முறை ஆடியபோது அந்த மனைவியை உள்ளே விட்டிருக்கிறார். அத்தோடு, தண்டனை இல்லாத அந்த இரண்டு மெமோக்களையும் ஒவ்வொரு நாளும் சேமித்து வைத்துக்கொண்டு, இரக்கத்துக்குரியவர்கள் வரும்போது செலவழிக்கப் பழகிவிட்டாராம். நாளொன்றுக்கு இரண்டு கருணை. அது மலிவான கருணை என்று இளையவர் சொன்னார். மூத்தவர் மறுக்கவில்லை. "மலிவுதான் தம்பி. ஆனால் அந்த இரண்டுகூட என்னிடம் இருந்தது என்பதைச் சர்வீசில் இருந்தபோது நான் எண்ணிப் பார்த்ததில்லை" என்றார்.

அடுத்து இளையவர். அவருடையது 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்'. ஃபுமிட்டோ உவேடாவின் இயக்கத்தில் 2005இல் ஜப்பானிலிருந்து வந்த ஆட்டம்; 2018இல் மறுவுருவாக்கம் பெற்றது. இறந்துபோன ஒரு பெண்ணைக் குதிரையில் சுமந்துகொண்டு, தடைசெய்யப்பட்ட நிலத்துக்குள் நுழைகிறான் ஓர் இளைஞன். அங்கே பதினாறு பேருருவங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொன்றால் அவள் உயிர்பெறக்கூடும் என்று ஒரு குரல் சொல்கிறது. வேறு பகைவர்கள் இல்லை, ஊர்கள் இல்லை. வெறும் நிலம், காற்று, குதிரை. மலை போன்ற அந்த உடல்களின் மயிரைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். பற்றிக்கொண்டிருக்கும் வரை கன்ட்ரோலரின் ஒரு பொத்தானை அழுத்தியபடியே இருக்க வேண்டும். விரல் வலிக்கும். ஒவ்வொன்றும் விழும்போது வெற்றி முழக்கம் எழுவதில்லை. துக்க இசை எழுகிறது. அதன் உடலிலிருந்து கரிய இழைகள் கிளம்பி இளைஞனுக்குள் பாய்கின்றன. கொல்லக் கொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே போகிறது.

பதின்மூன்றாவது பேருருவம் பாலைவனத்தின் மேல் பறக்கும் ஒரு நெடும்பாம்பு. அது நம்மைத் தாக்குவதே இல்லை. அதன் போக்கில் பறந்துகொண்டிருக்கிறது. நாம்தான் அம்பெய்து இறக்கி, மேலேறிக் குத்த வேண்டும்.

"இரண்டு நாள் குதிரையில் அதன் நிழலோடு சுற்றிக்கொண்டிருந்தேன் சார். வேறு வழி இருக்கும் என்று தேடினேன். இல்லை. மூன்றாம் நாள் கொன்றேன்" என்றார் இளையவர்.

இங்கே ஒரு விவாதம் மூண்டது. வேறு வழியே கொடுக்காமல் ஒரு காரியத்தைச் செய்யவைத்துவிட்டு, அதன் குற்றத்தை நம் தலையில் சுமத்துவது எவ்வகை நியாயம் என்று தோழி கேட்டார். நாவலாசிரியர் அதைச் செய்வதில்லை. வாசகரைச் சாட்சியாக நிறுத்துவாரே தவிர, கூட்டாளி ஆக்கமாட்டார். எல்லை ஊழியருக்காவது இரண்டு முத்திரைகள் இருந்தன. இங்கே இருப்பது ஒரே கத்தி. இளையவரிடம் பதில் இருந்தது. "நிறுத்தியிருக்கலாமே. அணைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். முடிவு என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் கொன்றேன். அவனுக்காவது அந்தப் பெண் இருந்தாள். எனக்கு வெறும் ஆவல்தான்." இந்தப் பதில் முழுதும் சரியா என்று எங்களால் அன்று முடிவுசெய்ய முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கிய ஒன்றை நடுவில் அணைப்பதை ஓர் அறத் தேர்வாகக் கொள்ளலாமா என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் நாவலொன்றின் அடுத்த பக்கத்தைப் புரட்டியதற்காக எங்களில் யாரும் இதுவரை வெட்கப்பட்டதில்லை என்பதையும் குறித்துக்கொண்டோம்.

தோழி முடித்திருந்தது 'வெண்பா'. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதும் பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். ஆட்டம் முழுக்கச் சமையல்தான். வெண்பாவிடம் அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்ட படிகளை ஆடுகிறவர் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் அதில் வரும் முதல் புதிர். பெயரளவிலேனும் ஒரு செய்யுள் வடிவம் உலகமெங்கும் உள்ள திரைகளில் ஏறியிருப்பதில் தமிழாசிரியைக்கு மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்? இருந்தது. ஆனால் குறையும் இருந்தது.

"மிகவும் இளகிய மனம் படைத்த ஆட்டம். இட்லி சரியாக வராவிட்டால் மறுபடி ஊற்றலாம். எத்தனை முறை வேண்டுமானாலும். வாழ்க்கையில் விட்டுப்போன பேச்சை அப்படி மறுபடி ஊற்ற முடியுமா?"

அவருடைய அக்கா குடும்பம் பல வருடங்களாக வெளிநாட்டில் இருக்கிறது. அக்கா மகன் தொலைபேசியில் "சித்தி" என்று தொடங்கி, மீதியை ஆங்கிலத்தில் முடிப்பவன். அவனிடம் தமிழில் என்ன கேட்பது என்று தெரியாமல் "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவாராம்.

ஆனாலும் ஓர் இடம் தன்னை உலுக்கிவிட்டது என்றார். மகன் வருகிறான் என்று வெண்பா ஒரு பெருஞ்சமையல் செய்கிறாள். அவள் என்று சொல்வது பிழை, ஆடுகிறவர்தான் செய்கிறார். ஒவ்வொரு பாத்திரமாக இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் மகன் வரவில்லை. "நான் சமைத்தேன், அவன் வரவில்லை" என்றார் தோழி. பிறகு கதை நகர்ந்து, பிற்பகுதியில் ஆட்டம் நம்மைக் கவினாக்கிவிடுகிறது. அதே அடுப்பு, அதே புதிர்கள். ஆனால் இப்போது நம் கையில் இருப்பது மகனின் கை. "காத்திருந்தவளும் நான்தான், வராதவனும் நான்தான் என்றால் யார்மேல் கோபப்படுவது? எனக்கு அக்கா மகன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறிவிட்டது. அவனிடம் வேறு எதையும் கேட்காமல் இருந்தவள் நான்தானே?" இதைச் சொல்லிவிட்டு, ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோனதைப் பற்றியும் குறைப்பட்டுக்கொண்டார்.

நான்காமவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. அவர் பொதுவாகவே குறைவாகப் பேசுகிறவர். "நான் ஒன்று ஆடினேன். முடிக்கவில்லை. சொல்லலாமா?" என்று கேட்டார். விதியை நினைவூட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

'ப்ரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆட்டம். இயக்கியவர் யோசெஃப் ஃபாரெஸ்; பெய்ரூத்தில் பிறந்து, சிறுவயதில் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்து, திரைப்பட இயக்குநராக அறியப்பட்டவர். நோயுற்ற தந்தைக்கு மருந்தாக, உயிர் மரத்தின் நீரைக் கொண்டுவரப் புறப்படும் அண்ணன் தம்பியின் கதை. அவர்கள் பேசுவது எந்த நாட்டிலும் இல்லாத ஒரு கற்பனை மொழி. இதை ஒருவரே ஆட வேண்டும். கன்ட்ரோலரின் இடப்பக்கம் முழுதும் அண்ணன், வலப்பக்கம் முழுதும் தம்பி. இரண்டு கைகளும் இரண்டு மனிதர்களாக நடக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் இருவரும் மரத்தில் முட்டிக்கொள்வார்கள். பிறகு பழகிவிடும். தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். தாய் நீரில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். ஆகவே நீர் குறுக்கிடும் இடங்களில் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான்.

பயணத்தின் இறுதியில், மரத்தின் அருகே அண்ணன் காயத்தால் இறந்துபோகிறான். தம்பி அவனைக் குழியில் இறக்கி மண் தள்ளுகிறான். அதையும் நாம்தான் செய்ய வேண்டும், வலது கையால் மட்டும். இடது கை சும்மா இருக்கும்.

எங்கள் நண்பரின் அண்ணன் சாலை விபத்தில் இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்களுக்குத் தெரியும். கூடுகையில் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"குழி வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொள்ளி வைத்தது நான்தான். அன்றைக்கு யார் யாரோ கையைப் பிடித்துச் செய்ய வைத்தார்கள். எதுவும் நினைவில் இல்லை. இங்கே கையைப் பிடிக்க ஆளில்லை."

ஆட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் இளையவர். நல்ல ஆட்டம் என்று மட்டுமே நினைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் தலை குனிந்திருந்தது. எங்களில் மூவருக்கும் அதன் முடிவு தெரியும். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாவலாக இருந்திருந்தால் சொல்லியிருப்போம். 'கடைசியில் இப்படி ஆகிறது, தைரியமாகப் படியுங்கள்' என்று ஆறுதலாகச் சொல்வது எளிது. ஆனால் இது யாரோ செய்யப்போகிற காரியம் அன்று; அவர் செய்ய வேண்டியது. அதைப் பிறர் சொல்லிக் கேட்பதற்கும் தன் கையால் கண்டடைவதற்கும் உள்ள தூரம் பெரிது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவர் எழுந்து போய் அவருக்கு மட்டும் இன்னொரு குவளை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அத்தோடு கலைந்தோம்.

இந்த ஆட்டங்களை இலக்கியத்தோடு ஒப்பிட்டுத் தராசில் நிறுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எங்களை ஆக்கியவை நூல்களே. பல ஆட்டங்களின் உரையாடல்கள் இரண்டாந்தரமானவை. தன்மை இடத்தில் நம்மை நிறுத்திவிட்டு, சுடுவதைத் தவிர வேறொன்றும் செய்யச் சொல்லாதவை ஏராளம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். நாவலை முடித்தவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். ஆட்டத்தை முடித்தவர் சொல்வதில் சற்றே வாக்குமூலத்தின் சாயல் ஏறிவிடுகிறது. நடந்தது கற்பனையில்தான், ஆனால் பொத்தானை அழுத்தியது உண்மையான விரல். ஆகவே கேட்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு வந்துசேர்கிறது. நாங்கள் இப்போதெல்லாம் குறுக்கிட்டு விமர்சிப்பதைக் குறைத்துக்கொண்டோம். கேட்டு முடித்த பிறகுதான் வாதிடுகிறோம்.

அடுத்த மாதக் கூடுகையில், யாரும் கேட்பதற்கு முன்பே நான்காமவர் "முடித்துவிட்டேன்" என்றார்.

மண் தள்ளிய பிறகு தம்பி தனியாக ஊர் திரும்புகிறான். மழை கொட்டுகிறது. தந்தைக்கான நீர் கையில் இருக்கிறது. வீட்டுக்கும் அவனுக்கும் நடுவே வெள்ளம். வலது கை பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அவன் நீருக்குள் இறங்க மறுத்து நிற்கிறான். ஆட்டம் எந்தக் குறிப்பும் கொடுப்பதில்லை. நம் நண்பர் வெகுநேரம் கரையிலேயே நின்றிருக்கிறார். பிறகு, நெடுநேரமாகச் சும்மா கிடந்த இடது விரல் அண்ணனின் பொத்தானை அழுத்தியிருக்கிறது. தம்பி நீரில் இறங்கிவிட்டான்.

"யோசித்துச் செய்யவில்லை. இடது கை தானாகப் போயிற்று" என்றார். சென்ற மாதம் மூத்தவர் சிவப்பு முத்திரையைப் பற்றிச் சொன்ன அதே சொற்கள். மூத்தவரும் அதைக் கவனித்தார் என்றே தோன்றியது.

பிறகு என்ன ஆயிற்று என்று தோழி கேட்டார். முடிவு தெரிந்தவர்தான், ஆனாலும் கேட்டார்.

"நீந்தினோம்" என்றார் நண்பர்.

விகுதியை எல்லோரும் கவனித்தோம். தமிழாசிரியை உட்பட யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.